தும்பைப்பூச் சோறு

ரோசாச் செடியைச் சாகடிப்பவர்களில் பெரும்பாலானோர் அதன்மீது பிரியம் உள்ளவர்கள்தான். போகிற போதெல்லாம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். வேருக்கு மூச்சு முட்டிவிடும். வாசலில் நீங்கள் பார்த்துக்கொண்டு வந்த சாடிகளில் அந்தத் தொல்லை கிடையாது. உள்ளே மண் ஒரு பிடிகூட இல்லை, முழுவதும் தும்புச்சோறு. தேங்காய் மட்டையில் தும்பை உரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற தூள். தனக்கு வேண்டிய தண்ணீரை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விட்டுவிடும். மனிதரில் அப்படி ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

தேத்தண்ணீரைக் குடியுங்கள். கொட்டகலையில் இந்த மாதத்தில் கதைத்துக்கொண்டிருந்தால் கோப்பை பச்சைத் தண்ணீராகிவிடும்.

உங்கள் தோட்டக்கலைச் சங்கத்து மலரில் என்னைப் பற்றி இரண்டு பக்கம் போடப்போவதாகச் சொன்னீர்கள். சந்தோஷம். இப்போது, எண்பத்தாறில், அந்தூரியம் வளர்க்கிற கொழும்புச் சீமாட்டிகளெல்லாம் தும்புச்சோறு தும்புச்சோறு என்கிறார்கள். எழுபத்து நாலிலேயே தேயிலை மலையில் அதை வைத்துக் கோவா, இந்தியாக்காரர் முட்டைக்கோசு என்பார்களே, அதை விளைவித்தவன் ஒருவன் இருக்கிறான் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்கிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆராய்ச்சியில் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குச் சொந்த ஊர் சாவகச்சேரி. பெயர் துரைராசா. ஹற்றனுக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு, தேயிலை நாற்றுமேடைக்குப் பொறுப்பாக வந்தேன். வந்த அன்றே பெயர் சிக்கலாகிவிட்டது. தோட்டத்தில் துரை என்றால் பங்களாவில் இருக்கிறவர் ஒருவர்தான். அவர் சிரித்துக்கொண்டே, ஒரு மலைக்கு இரண்டு துரை தாங்காது என்றார். அன்றிலிருந்து நான் ராசா ஐயா ஆனேன். துரையைவிட ராசா பெரியவர் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை.

அந்த வருடம் உங்களுக்கு ஞாபகம் இருக்காது, சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். அரிசி இல்லை. கூப்பனுக்குக் கொடுக்கிற கோதுமை மாவையும் குறைத்துவிட்டார்கள். தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற கான்களில் முளைத்த கீரை முளைத்த அன்றே காணாமல் போனது. வட்டவளைப் பக்கம் ரயில் பாதையோரம் படுத்தவர்கள் எழும்பவில்லை என்று கதை வந்தது. வெறும் நிலமெல்லாம் மரக்கறி போடுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. துரை என்னைக் கூப்பிட்டு நாற்றுமேடைக்குப் பின்னால் இருந்த இடத்தைக் காட்டினார். அது வெறும் பாறை. இருந்த மண்ணையும் மழை எப்போதோ மகாவலிக்குக் கொண்டுபோய்விட்டது.

வேறொருவன் என்றால் முடியாது என்று கைவிரித்திருப்பான். எனக்கு எங்கள் ஊர்த் தும்புக் கிடங்குகள் ஞாபகம் வந்தன. தூள் மலையாகக் குவிந்து கிடக்கும். அதில் தப்பித் தவறி விழுந்த பீர்க்கம் விதை, பாத்தி கட்டி வளர்த்ததைவிடக் கொழுத்துப் படரும். பாறைமேல் பலகைப் பெட்டி அடித்து, அதில் தும்புச்சோற்றை நிரப்பினால் மண்ணே தேவையில்லை. குருநாகல் பக்கத்துத் தும்பு ஆலை ஒன்றுக்குச் சொல்லி அனுப்பினேன். குப்பைதானே, வந்து அள்ளிக்கொண்டு போங்கள் என்றார்கள்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் நின்று அறிவித்தேன். “நாளைக்கு ஒரு லொறி தும்புச்சோறு வருகுது. இறக்கிறதுக்கு ஆக்கள் வேணும்.”

இதில் என் பிழை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஆனால் அந்த மலையில் தும்பு என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. அவர்களுக்கு அது நார். நான் சொன்னதில் ஒரு பாதி விளங்கவில்லை, மறுபாதி நன்றாக விளங்கிவிட்டது. மாயாண்டி என்று தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கிழவர் அதைத் தும்பை என்று எடுத்துக்கொண்டார். தும்பைப்பூ மாதிரிச் சோறு என்று நல்ல பச்சையரிசிச் சோற்றைச் சொல்வார்கள் அல்லவா? பெரட்டு கலைவதற்குள் சேதி தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் போய்விட்டது. வெள்ளைவெளேரென்று சோறு வருகிறது, ஆக்கியே கொண்டு வருகிறார்கள்.

மறுநாள் லொறி வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இறக்குவதற்கு ஆள் கேட்டவனுக்கு முன்னால் ஊரே நின்றது. கையில் சட்டி, குண்டான், தேத்தண்ணீர்க் கோப்பை. டிரைவர் சிங்களவர், இறங்கி வந்து “கொஹுபத்” என்றார். அவர்கள் மொழியிலும் பத் என்றால் சோறுதான். கூட்டத்தில் மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்துவிட்டது. பின்கதவைத் தட்டிவிட்டார். செம்மண் நிறத்தில் தூள் சரிந்து கொட்டியது. நீட்டிய சட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

முன்னால் நின்றவள் அந்தோனியம்மா. நாற்றுமேடையில் என்னிடம் வேலை செய்கிறவள். புருசன் அலோசியஸ் கூலிவேலை தேடி வன்னிக்குப் போனவன், திரும்பவில்லை. இடுப்பில் டோரீன் என்று நாலு வயதுப் பெண்பிள்ளை.

“இது என்னாங்கய்யா?” என்று கேட்டாள்.

“இதுதான் பிள்ளை தும்புச்சோறு.”

“திங்கலாங்களா?”

“செடி தின்னும்.”

“செடிக்கெல்லாம் சோறு வருது. நாங்க என்ன பாவம் செஞ்சோம், எங்களுக்கும் ஒரு சட்டி போடுங்கய்யா,” என்றாள். நாலுபேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பகிடியாகத்தான் சொன்னாள். ஆனாலும் கேட்டவள் அவள்தான், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் இடுப்பிலிருந்த பிள்ளை எட்டி ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. தாய் விரலை விட்டுத் தோண்டப் பார்த்தாள். பிள்ளை விழுங்கிவிட்டது. முகம் சுளிக்கவில்லை. அந்தக் காட்சி என் மனதில் தங்கிவிட்டது.

செய்முறையைச் சொல்கிறேன், உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும். கடலோரக் கிடங்கில் ஊறிய மட்டை என்றால் தூளில் உப்பு இருக்கும். தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, சாயம் தெளியும்வரை அலச வேண்டும். பிறகு கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், ஒழுகக் கூடாது. தன் எடையைப்போல் எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதோடு ஊதும். ஒரு பிடி போட்டால் சட்டி நிறையும். அவசரப்பட்டு நட்டுவிடக் கூடாது, முதலில் மக்க விட வேண்டும். நான் அவசரப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். கோவா நாற்றெல்லாம் மஞ்சளித்து நின்றது. மக்காத தும்புச்சோற்றுக்குத் தானே பசி, செடிக்கு எங்கே விடும்? யூரியா போட்டால் சரியாகும். அந்த வருடம் யூரியா கண்ணில் காட்டவும் இல்லை. நுவரெலியாவில் மரக்கறிக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது, கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். மண்ணில்லாத கோவா என்று துரை எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டார். எனக்கு நித்திரை வரவில்லை.

தோட்டத்துக்கு வந்த கூப்பன் கோதுமை மா என் நாற்றுமேடைக் கொட்டகையில்தான் இருந்தது. ஈரம் இல்லாத இடம் அது ஒன்றுதான். சாவியும் என்னிடம். குடி கிடையாது, சுருட்டு கிடையாது, வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் கிடையாது. துரை வேறு யாரை நம்புவார்? ஒருநாள் எலி கடித்த மூட்டையிலிருந்து மா ஒழுகி ஒரு பெட்டியின் மூலையில் கொட்டிக் கிடந்தது. நான் கவனிக்கவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தால் அந்த மூலையில் தூள் வெள்ளையாகப் பூசணம் பூத்து, கறுத்து, மண்ணைப்போல மணத்தது. அங்கே நின்ற நாற்று மட்டும் கரும்பச்சை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்டுபிடிப்பு என்பது அப்படித்தான் வருகிறது.

தும்புச்சோற்றுக்கு மா கொடுக்க வேண்டும். சாணிக் கரைசலில் மாவைக் கூழாகக் காய்ச்சி ஊற்ற வேண்டும். ஒரு பெட்டிக்கு ஊற்றிப் பார்த்தேன், சரி வந்தது. மிச்சப் பெட்டிகளைப் பார்த்தேன். மூட்டைகளைப் பார்த்தேன். மூட்டை மெலிந்தால் கேள்வி வரும். அவ்விடத்தில் நிரப்புவதற்கு என்ன இருக்கிறது? கொட்டகை நிறையத் தும்புச்சோறு இருக்கிறது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். நான் சொல்வதில் கணக்குப் பிழை ஒன்றும் இல்லை. மா தும்புச்சோற்றுக்குப் போனது, தும்புச்சோறு மாவுக்கு வந்தது. ஒரு பொருளும் வீணாகவில்லை.

தூளை அரிப்பதற்கு அந்தோனியம்மாவைப் பிடித்தேன். அவள் கை சுத்தம். “மாவரிதட்டில வடிவாய் அரிச்சுத் தா பிள்ளை, முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி வேணும்,” என்றேன்.

“செடிக்கு இம்புட்டு நைசா வேணுங்களாய்யா?”

“விதைக்கு வேணும்.”

இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் கிட்டத்தட்ட அது ஒன்றுதான். டோரீன் பக்கத்தில் தூள் குவியலில் உட்கார்ந்து வீடு கட்டி விளையாடும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போனதும் நான் கலந்துவிடுவேன். நல்ல வெயிலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மணிச்சத்தம் கேட்டுக்கொண்டே. களவாகச் செய்கிறவன் கதவைத் திறந்து வைப்பானா?

மா பங்கிடுகிற அன்று மாயாண்டி உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தார். “மாவு செவந்து கெடக்குங்களே ராசா ஐயா.”

“குரக்கன் மா கலந்து அனுப்பியிருக்கிறாங்கள். சத்து.”

“அப்பிடீங்களா. நல்லதுங்க.”

குரக்கன் என்கிற கேழ்வரகும் அதே நிறம்தான். கேட்டவருக்கு மனம் ஆறட்டும் என்று சொன்னது. அந்தக் கிழமையே பெண்கள் வந்து சொன்னார்கள், “அர ரொட்டி தின்னாலே வயிறு நெறஞ்சிடுதுங்க, பழைய மாவுல இப்பிடி இல்லீங்க.” அதுவரை என் வேலையை ஒருவரும் இப்படி வாய் நிறையப் பாராட்டியதில்லை. துரைகூட ‘ம்’ என்பதோடு சரி.

பிறகு டிஸ்பென்சரியில் கூட்டம் கூடியது. மருந்துக்கார ஐயா பத்திநாதன் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர், இந்தப் பக்கத்துக்காரர், எதற்கும் பதறுவார்.

“ஐயா, லயம் பூரா ஒரே வருத்தமா இருக்கு. வெளிக்குப் போகல, வயிறு கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. இருந்த வெளக்கெண்ணெயெல்லாம் முடிஞ்சிருச்சு. என்னத்தத் திங்கிறாங்கன்னே புரியல.”

“தண்ணி குடிக்கிறது காணாது,” என்றேன். யோசித்துப் பாருங்கள், அது சரியான பதில். எட்டு மடங்கு தண்ணீர் கேட்கிற பொருளுக்கு இரண்டு மடங்குகூடக் கிடைக்காவிட்டால் அது என்ன செய்யும், இருக்கிற இடத்திலிருந்து உறிஞ்சும். என்ன கலந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேளாத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு திரிகிற சுபாவம் எனக்கு இல்லை.

கோவாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுமை பெறாது. ஒன்றைத் தூக்க இரண்டு கை வேண்டும். இலையின்மேல் சாம்பல் பூத்த பச்சை. தோட்டமே பசியோடு இருந்த காலத்தில் அந்தப் பெட்டிகளிலிருந்து ஒரு இலை களவு போகவில்லை. அந்த மக்களைப் பற்றி யாராவது குறைவாகச் சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அந்தோனியம்மா ஒருநாள் கேட்டாள். வாய்விட்டுக் கேட்கிறவள் அவள் ஒருத்திதான்.

“அடியில பழுத்த எலயாவது குடுங்கய்யா. புள்ளைக்கு அவிச்சுக் குடுக்கிறேன். ரொட்டியே தின்னு தின்னு வயிறு ஊதிப்போய்க் கெடக்கு.”

எனக்கு மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பழுத்த இலை பெட்டிக்கே திரும்பிப் போக வேண்டும். எடுத்ததை எடுத்த இடத்துக்குக் கொடுக்க வேண்டும், இந்த முறையின் அடிப்படையே அதுதான். ஒருவருக்கு இரக்கப்பட்டு உடைத்தால் சங்கிலி அறுந்துவிடும். அதை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். பிறகு, வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், அவளுக்கு மட்டும் இரண்டு சுண்டு மா கூட அளந்து போட்டுக் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கினாள். அடுத்த கிழமையும் கொடுத்தேன். வேறு யாருக்கும் நான் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு வாரப்பாடு, தனிப் பாசம்.

டோரீன் விளையாடுவதை விட்டுவிட்டது. தூள் குவியல் வெதுவெதுப்பாக இருக்கும், அதில் சுருண்டு படுத்துக்கொள்ளும். “இப்பல்லாம் பசிக்குதுன்னு கேக்கிறதே இல்லீங்க,” என்று தாய் முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு வாந்தி தொடங்கியது. பத்திநாதன் கொட்டகைக்கே வந்து பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“கொடல் அடைச்சிருக்கு ஐயா. இங்க ஒன்னும் செய்ய ஏலாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெட்டித்தான் எடுக்கணும். லொறியக் குடுங்க.”

தோட்டத்தில் ஓடுகிற நிலையில் இருந்தது அந்த ஒரு லொறிதான். அதில் அப்போது கோவாவை வைக்கோல் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தோம். கண்காட்சிக்குப் போகிற காலை. மேலே கூடாரம் கட்டி, ஒரு காய் நசுங்காமல் அடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். நுவரெலியாவிலும் ஆஸ்பத்திரி இருக்கிறதே, ஏறிக்கொண்டு வரட்டுமே என்றார் பத்திநாதன். பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. கோவாமேல் பட்டால்? அதைவிட இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் அல்லவா? வெட்டினால் எடுத்துப் பார்ப்பார்கள்.

“பின்னேரம் லொறி திரும்பி வந்த உடனை அனுப்புவம்,” என்றேன்.

அந்தோனியம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். “வந்தவொடனே அனுப்பிடுவீங்கதானே ஐயா?” என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். வாக்கை மீறவும் இல்லை. லொறி திரும்பியதும் முதல் வேலையாக அவள் லயத்துக்குத்தான் அனுப்பினேன். சவப்பெட்டிப் பலகை ஏற்றிக்கொண்டு வர அது உதவியது.

முதல் பரிசு எங்களுக்குத்தான். கொழும்புப் பெரியவர் கோவாவை இரண்டு கையாலும் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார். மண்ணே இல்லாமலா, எதைக் கொடுத்து வளர்த்தீர்கள் என்று கேட்டார். பொறுமை கொடுத்து வளர்த்தேன் என்றேன். கைதட்டினார்கள். டோரீன் செத்ததற்குக் காரணம் வயிற்றுப் பூச்சி என்று பத்திநாதன் சொல்லிவிட்டார். அந்த வருடம் எல்லாப் பிள்ளைக்கும் பூச்சிதான்.

அதன்பின் மாவில் கலப்பதை நிறுத்திவிட்டேன். கண்காட்சி முடிந்துவிட்டதே, தேவை இல்லை.

என்மீது யாருக்காவது மனத்தாங்கல் இருந்ததா என்று கேட்டால், எண்பத்து மூன்றில் நடந்ததைச் சொல்வேன். ஆடி மாதம். ஹற்றன் ரோட்டில் தமிழர் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. ஆட்கள் மலைமேலும் ஏறி வருகிறார்கள் என்றதும் நான் ஓடிய இடம் லயத்தில் அந்தோனியம்மா இருந்த காம்பரா. விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் என்னை உட்கார வைத்து, வாசலில் தான் உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்களிடம் சிங்களத்தில் இங்கே ஒருவரும் இல்லை என்றாள். அவர்கள் போன பிறகு, மத்தியானம், ரொட்டி சுட்டுத் தட்டில் வைத்தாள். நான் அதைப் பிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தேன். வெள்ளை மா. நல்ல ரொட்டி.

நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “ஐயா, ரொம்ப நாளா ஒன்னு கேக்கணும்னு இருந்தேன்,” என்றாள்.

தண்ணீர் குடித்தேன். “கேள் பிள்ளை.”

“அந்த வருசம் இங்க போனதுகள் எல்லாம் பசியிலதான் போச்சுக. எம்புள்ள டோரீன் மட்டும் வயிறு நெறஞ்சுதானே போனுச்சு? நீங்க கூடப் போட்டுக் குடுத்தீங்களே, அதான் கேக்கிறேன். பசியில்லாமத்தானே போனுச்சு?”

“ஓம் பிள்ளை. பசியில்லாமல்தான் போனது.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு ரொட்டி வைத்தாள். வயிற்றெரிச்சலோடு இருந்த ஒரு தாய்க்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல முடிந்ததே என்று எனக்கு இன்றைக்கும் நிம்மதி. ஆறுதலுக்காகச் சொன்ன பொய் என்று நினைத்துவிடாதீர்கள், நான் நிச்சயமாகத் தெரிந்துதான் சொன்னேன். மாவில் முதன்முதல் கலப்பதற்கு முன்னால், என் கூட்டில் இருந்த கோழிகளுக்கு அதே அளவில் கலந்து கொடுத்துப் பார்த்திருந்தேன். எல்லாம் செத்துப்போயின. அறுத்துப் பார்த்தேன், ஒன்றின் வயிறுகூடக் காலியாக இருக்கவில்லை.